பழகத் தெரியாதவன் என்று சொல்லிக்கொண்டேன்

என் மீது இதுவரை ஒரு புகார்கூட வந்ததில்லை. அலுவலகத்தில் எந்தப் பெண்ணிடமும் ஆபாசமாகப் பேசியதில்லை. வேலை நேரம் தாண்டி யாருக்கும் தேவையில்லாமல் மெசேஜ் அனுப்பியதில்லை. 2013ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் எந்த இடத்திலும் உள்ளகக் குழு இருக்க வேண்டும். எங்கள் நிறுவனத்திலும் இருக்கிறது. மூத்த பெண் அதிகாரி ஒருவர் அதற்குத் தலைவர். வருடத்துக்கு ஒருமுறை எல்லோரும் ஆன்லைன் பயிற்சி முடித்துக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். நான் ஒவ்வொரு வருடமும் முழு மதிப்பெண்ணோடு தேறியிருக்கிறேன். சென்னை ஓஎம்ஆரில் இருபது வருடத்துக்கு மேல் மென்பொருள் வேலை பார்த்துவிட்ட என்னைப் பற்றிக் கேட்டால், "நல்ல மனுஷன். டெக்னிக்கல் ஆளு. கொஞ்சம் பழகத் தெரியாது" என்றுதான் சொல்வார்கள்.

அந்த நல்ல பெயரின் மறைவில் நான் செய்தவற்றை இங்கே எழுதுகிறேன். ஒரு பெண் கண்டுபிடித்ததை இன்னொருவன் பெயரில் எழுதினேன். அவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய வெளிநாட்டு வாய்ப்பை அவரைக் கேட்காமலே கைமாற்றினேன். அவர் பேசும் விதத்தைக் குறையென்று எழுதி, அவருடைய சம்பளத்தைப் பல வருடத்துக்குப் பின்னே தள்ளினேன். உள்ளகக் குழு விசாரிக்கும் குற்றங்களில் இவை எதுவும் சேராது. பயிற்சிப் படங்களில் வரும் குற்றவாளி எப்போதும் தோளில் கை போடுபவன், லிஃப்டில் நெருங்கி நிற்பவன். அப்ரைசல் படிவத்தில் ஒரு வரி எழுதிவிட்டு வீட்டுக்குப் போகிறவனைப் பற்றி அதில் ஒரு ஸ்லைடுகூடக் கிடையாது.

நான் வளர்ந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். படித்தது தென் மாவட்டத்தில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரி, தொண்ணூறுகளின் கடைசி. காலேஜ் பஸ்ஸில் முன்பாதி பெண்களுக்கு, பின்பாதி எங்களுக்கு. வகுப்பில் நடுவே ஒரு வழி. அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாங்கள். மாடிப்படிகூடத் தனித்தனி. ரெக்கார்டு நோட்டு வாங்க இரண்டு வார்த்தை பேசினாலும் ஐடி கார்டைப் பிடுங்கிக்கொண்டு அப்பாவைக் கூட்டிவரச் சொல்வார்கள். தமிழ்நாட்டின் பல தனியார் கல்லூரிகள் இதையே ஒழுக்கம் என்று சொல்லி விளம்பரம் செய்தன. பெற்றோரும் அதை நம்பியே சேர்த்தார்கள். என் வகுப்புப் பெண்களில் பலருடைய குரலை நான் வைவா நடந்தபோதுதான் முதலில் கேட்டேன்.

அப்படி வளர்ந்தவனைச் சென்னைக்கு அழைத்து, ஒரு பெண்ணுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்து, இருவரும் சேர்ந்து ஒரு புரோகிராமை முடியுங்கள் என்றால் என்ன செய்வான்? நான் மானிட்டரைப் பார்த்துப் பேசினேன். கேள்வி கேட்டால் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னேன். அதற்குக் கூச்சம் என்று பெயர் வைத்தார்கள், நானும் ஏற்றுக்கொண்டேன்.

அந்தக் கூச்சம் நிஜம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே பஸ்ஸின் முன்பாதியில் உட்கார்ந்து வந்தவர்களும் எங்களோடுதான் வேலைக்குச் சேர்ந்தார்கள். தடை அவர்களுக்கும் இருந்தது, எங்களுக்கு இருந்ததைவிடக் கடுமையாக. எங்கள் விடுதிக் கதவு திறந்து கிடந்த நேரத்தில் அவர்களுடையது பூட்டப்பட்டிருந்தது. வேலையில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே அவர்கள் ஆண்களோடு பேசவும் வாதாடவும் முடியாது என்று சொல்லவும் பழகிக்கொண்டார்கள். பழகாவிட்டால் வேலை நடக்காது. எனக்கு அந்தக் கட்டாயம் வரவே இல்லை. என் லீட் ஆண், அவருடைய மேனேஜர் ஆண், அவருக்கும் மேலே இருந்தவர் ஆண். பெண்களோடு ஒழுங்காகப் பேசத் தெரியாமலே மேலே வர எனக்கு வழி திறந்திருந்தது.

ஒரு நாளைச் சொல்கிறேன். நாங்கள் பார்த்தது ஓர் அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனத்தின் மெயின்ஃப்ரேம் வேலை, கோபோல் மொழியில். அவர்களுடைய ராத்திரி பேட்ச் ஓடும்போது நமக்குப் பகல். அன்று பிரீமியம் கணக்கிடும் ஜாப் பாதியில் நின்றுபோனது. அங்கே நள்ளிரவு தாண்டிவிட்டது. இங்கே மதியச் சாப்பாட்டு நேரம், யாரும் சாப்பிடப் போகவில்லை. எண் இருக்க வேண்டிய இடத்தில் எண் அல்லாத ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்தால் வரும் பிழை அது. மெயின்ஃப்ரேம்காரர்கள் நாங்கள் 'சாக் செவன்' என்போம். கான்ஃபரன்ஸ் ரூமில் நாங்கள் ஆறேழு பேர், ஸ்பீக்கர் போனில் கிளையன்ட் ஆட்கள்.

தொடக்கத்தில் நான் சொன்ன அந்தப் பெண் மெமரி டம்ப்பைப் பிரின்ட் எடுத்து வைத்திருந்தார். ஆஃப்செட்டை எண்ணிக்கொண்டே போய் ஓரிடத்தில் பென்சிலால் வட்டம் போட்டிருந்தார். வட்டத்துக்குள் 40 40 40 என்று வரிசையாக இருந்தது. மெயின்ஃப்ரேமில் 40 என்றால் வெற்றிடம். தொகை இருக்க வேண்டிய இடம் காலியாக வந்திருக்கிறது. அந்த ஒரு வட்டத்தில் விடை முழுவதும் இருந்தது.

"இது டேட்டா பிரச்சினைங்க. புதுசா சேர்ந்த ஏஜென்சி ஃபைல்ல இந்த ஃபீல்டு காலியா வருது" என்றார்.

"ஒரு நிமிஷம் இரும்மா, லாஜிக்கப் பார்த்துட்டிருக்கோம்" என்றேன்.

கொஞ்சம் பொறுத்து மறுபடி சொன்னார். நான் கை காட்டி நிறுத்தினேன். வெகுநேரம் கழித்து, அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் அந்தக் காகிதத்தை இழுத்துப் பார்த்துவிட்டு, அதே வட்டத்தைக் காட்டி, அதையே சொன்னான். "சூப்பர்டா!" என்று மேசையைத் தட்டினேன். அந்த ரெக்கார்டுகளை ஒதுக்கிவிட்டு ஜாப்பை ஓடவிட்டோம். சாயங்காலம் கிளையன்டுக்குப் போன மெயிலில் அந்தப் பையனின் பெயரைப் போட்டு, அவனுடைய வேகமான ஆய்வால் பிரச்சினை தீர்ந்தது என்று எழுதினேன். அந்தப் பெண்ணின் முகவரியும் மெயிலின் நகல் வரிசையில் இருந்தது.

மறுநாள் என் இடத்துக்கு வந்து தணிந்த குரலில் கேட்டார்: "அந்த மெயில்ல என் பேரும் வந்திருக்கலாமே?"

"டீம் வொர்க்தானே? இதுல என்ன உன் பேரு, என் பேரு?" என்றேன்.

பையனின் பெயரைப் போட்டபோது அந்த டீம் வொர்க் ஏன் நினைவுக்கு வரவில்லை? அவர் என்னிடம் அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால், சண்டைக்கு நிற்கிறார் என்று அன்றே முடிவு கட்டியிருப்பேன். அவர் குரல் என் காதில் விழாமல் இல்லை. எங்களுக்குள் ஓடிக்கொண்டிருந்த முக்கியமான பேச்சுக்கு நடுவே வந்த இடைஞ்சலாகத்தான் விழுந்தது. ஒரு பெண் விடை சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. அதனால் விடை வந்தபோது அது விடை என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு மீட்டிங் குறிப்பு எடுக்கும் வேலை மெல்ல அவர் தலையில் விழுந்தது. "அவங்கதான் பொறுப்பா எழுதுவாங்க." பொங்கல் கொண்டாட்டம், பிறந்தநாள் கேக், போகிறவர்களுக்குப் பரிசு வாங்கப் பணம் வசூல், இவையும் அப்படியே. குறிப்பு எடுப்பவரால் கூட்டத்தில் அதிகம் பேச முடியாது. எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். அது தெரிந்துதான் கொடுத்தேன் என்று சொல்ல மாட்டேன். அப்படிக் கொடுத்தது எனக்கு வசதியாக இருந்தது என்பதை மறைக்கவும் மாட்டேன்.

பெரிய முடிவுகள் கூட்டத்தில் எடுக்கப்படவும் இல்லை. கேம்பஸ் கேட்டுக்கு வெளியே ஒரு டீக்கடை. டீயும் தம்முமாகச் சாயங்காலம் அங்கேதான் நாங்கள் நிற்போம். யார் எந்த மாட்யூலுக்குப் போவது, யாரை விடுவிப்பது, அடுத்து ஆன்சைட்டாக அமெரிக்கா போவது யார் என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும். மாடிக்குத் திரும்பி வந்து அதை மெயிலில் எழுதுவது வெறும் சடங்கு. பெண்களை வராதீர்கள் என்று யாரும் சொல்லவில்லை. சிகரெட் புகைக்கும் கெட்ட வார்த்தைக்கும் நடுவில், ரோட்டோரத்தில் அவர்கள் வந்து நிற்க மாட்டார்கள் என்று எங்களுக்குத் தெரியும். தெரிந்தே முடிவுகளையெல்லாம் அங்கே கொண்டுபோனோம்.

எச்1பி விசா மனுக்கள் அப்போதெல்லாம் அமெரிக்காவில் ஏப்ரல் தொடக்கத்தில் போய்ச் சேர வேண்டியிருந்ததால் பொங்கல் சமயத்திலேயே பெயர்களைக் கொடுத்துவிடுவோம். அந்த வருடம் எங்கள் டீமுக்கு ஓரிடம். அனுபவத்திலும் வேலையிலும் அவர்தான் முன்னால் இருந்தார். டீக்கடையில் யாரோ, "அவங்களுக்கு வீட்டுல மாப்பிள்ள பார்க்குறாங்களாம்" என்றார்கள். அதற்கு மேல் பேச்சே இல்லை. அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாக் செவன் மெயிலில் பெயர் வந்த அதே பையனின் பெயர் போனது. அவனுக்கும் வீட்டில் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது அவனுடைய தகுதியாகவே பட்டது: "கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு ஆன்சைட் போய்ட்டு வரட்டும்டா."

இன்டர்வியூ பேனலிலும் இதே புத்திதான். பெண்கள் வந்தால், கல்யாணம் எப்போது, வீட்டுக்காரர் எந்த ஊரில் வேலை பார்க்கிறார், லேட் ஆனால் வீட்டில் ஒன்றும் சொல்ல மாட்டார்களா என்று கேட்டிருக்கிறேன். அவர்கள் மேல் அக்கறையால் கேட்பதாகவே நினைத்துக்கொண்டேன். எந்த ஆணிடமும் இவற்றை நான் கேட்டதில்லை.

என்னைப் போன்றவனுக்கு ஒரு தயாரான உருவம் இந்தத் தொழிலில் காத்திருந்தது. புரோகிராமர் என்றால் மனிதர்களோடு ஒட்டாதவன், மெஷினோடுதான் பேசுவான், முரடன், ஆனால் மேதை. நானும் அதற்குள் புகுந்துகொண்டேன். அது எங்கிருந்து வந்தது என்று பின்னாளில்தான் படித்தேன். 1960களில் அமெரிக்காவில் புரோகிராமர்களுக்குப் பெரும் தட்டுப்பாடு. யாரைத் தேர்ந்தெடுப்பது என்று தெரியாமல் நிறுவனங்கள் உளவியலாளர்களை நாடின. வில்லியம் கேனன், டாலிஸ் பெர்ரி என்ற இருவர் 1,378 புரோகிராமர்களிடம் விருப்பு வெறுப்புகளைக் கேட்டு, 1966இல் ஒரு சித்திரம் தீட்டினார்கள். புரோகிராமர்களுக்குப் புதிர் பிடிக்கும், மனிதர்களைப் பிடிக்காது என்பது அதன் சாரம். கேட்கப்பட்டவர்களில் பெண்கள் 186 பேர் மட்டுமே. அந்தச் சித்திரத்தை வைத்து ஆள் எடுத்தார்கள். எடுக்கப்பட்டவர்கள் அந்தச் சித்திரம் போலவே இருந்தார்கள். அடுத்து வந்தவர்கள் இதுதான் இயல்பு என்று நம்பினார்கள். நேதன் என்ஸ்மெங்கர் என்ற வரலாற்றாய்வாளர் இதை விரிவாக எழுதியிருக்கிறார். படித்தபோது கோபம்தான் வந்தது, முதலில் என் மேல். என் குணம் என்று நான் சொல்லிக்கொண்டது, நான் பிறப்பதற்கு முன்பே யாரோ ஆள் எடுக்கத் தயாரித்த படிவத்தில் இருந்திருக்கிறது.

எனக்குச் சோறு போட்ட கோபோலுக்கு அடித்தளம் கிரேஸ் ஹாப்பர் குழுவின் ஃப்ளோ-மேட்டிக் என்ற மொழி. 1959இல் தொடங்கிய கோபோல் வடிவமைப்புக் குழுவில் ஜீன் சம்மெட் முக்கியமானவர். பெண்கள் போட்ட பாதையில் நடந்துகொண்டே பெண்களுக்கு லாஜிக் வராது என்று டீக்கடையில் பேசியிருக்கிறேன்.

லினக்ஸ் தந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எங்களுக்கு ஆதர்சம். அவர் மெயில்களில் மற்றவர்களைத் திட்டுவதை ஃபார்வர்டு செய்து ரசிப்போம். 2018 செப்டம்பரில் அவரே தன் நடத்தைக்கு மன்னிப்புக் கேட்டு, மற்றவர்களின் உணர்வுகளைப் புரிந்துகொள்ள உதவி நாடப் போவதாகச் சொல்லிக் கொஞ்ச காலம் ஒதுங்கினார். லினக்ஸ் கெர்னலுக்கு நடத்தை விதிகளும் அப்போதுதான் வந்தன. அந்தச் செய்தியைக் கேட்டு, "அவரையும் பணிய வெச்சுட்டாங்கடா" என்று வருத்தப்பட்டவன் நான். அவர் தன்னைத் திருத்திக்கொள்ள முனைந்தது என் கண்ணுக்குத் தோல்வியாகத் தெரிந்தது.

உண்மையிலேயே பழகுவதற்குச் சிரமப்பட்ட ஒருவர் எங்கள் டீமில் இருந்தார். யாருடைய கண்ணையும் பார்த்துப் பேச முடியாது; கூட்டமென்றால் வியர்த்துவிடும். அவர் ஒரு நாளும் இன்னொருவர் வேலையைத் தன்னுடையது என்று சொன்னதில்லை. ஒருவர் பேசும்போது குறுக்கே விழுந்ததில்லை. சந்தேகம் இருந்தால் எழுதிக் கேட்பார். அந்தப் பெண் பதில் எழுதினால் நன்றி எழுதுவார். கூச்சம் என்றும் பழகத் தெரியாது என்றும் சொல்லி நான் ஒளிந்துகொண்டது அவரைப் போன்றவர்களின் முதுகுக்குப் பின்னால். அவர்களுடைய நிஜமான சிரமத்தை என் அகம்பாவத்துக்கு முகமூடியாக்கினேன். இதில் எனக்குள்ள வெட்கம் கொஞ்சமல்ல.

இனி அப்ரைசல். நான் மேனேஜரானேன், அவர் என் கீழே மாட்யூல் லீட். கிளையன்ட் கேட்ட தேதிக்குள் ஒரு வேலையை முடிக்க முடியாது என்று கிளையன்டோடு பேசிய போன் கூட்டத்திலேயே கணக்குக் காட்டிச் சொன்னார். அவர் சொன்னபடியே தேதி தள்ளிப்போனது. அந்த வருட முடிவில் அவர் படிவத்தில் எழுதினேன்: "ஆக்ரோஷமாகப் பேசுகிறார். பிறரை அனுசரித்துப் போகும் தகவல் தொடர்புத் திறன் மேம்பட வேண்டும்." அதே வருடம் இன்னொரு லீட், ஆண், மீட்டிங்கில் ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் அடித்துவிட்டு எழுந்து போனான். அவனுக்கு எழுதினேன்: "வேலையில் மிகுந்த ஈடுபாடு கொண்டவர்." இரண்டையும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, ஒரே மத்தியானத்தில் எழுதினேன்.

கீரன் ஸ்னைடர் என்ற அமெரிக்கப் பெண்மணி 2014இல் தொழில்நுட்ப நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்களிடமிருந்து 248 மதிப்பீடுகளை வாங்கிப் படித்தார். குறை சொல்லியிருந்த மதிப்பீடுகளில் ஆண்களுடையவை 83. அவற்றில் சுபாவத்தையே குறையாகச் சொன்னவை 2. பெண்களுடையவை 94, அவற்றில் 71. ஆணுக்கு வேலையில் என்ன கற்க வேண்டும் என்று சொல்கிறார்கள். பெண்ணுக்கு எப்படிப்பட்டவளாக இருக்க வேண்டும் என்று சொல்கிறார்கள். எழுதியவர்களில் ஆண்களும் உண்டு, பெண்களும் உண்டு. என் படிவங்களையும் அந்தக் குவியலில் சேர்த்திருந்தால் அவரால் பிரித்து எடுத்திருக்க முடியாது.

அடுத்த வருடம் அவர் பிரசவ விடுப்பில் போனார். 2017இல் சட்டம் திருத்தப்பட்டு விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாகியிருந்தது. 26 வாரம் என்றால் அப்ரைசல் வருடத்தில் சரிபாதி. எங்களுக்கோ பெல் கர்வ்: டீமில் இத்தனை பேர் கடைசித் தட்டில் இருந்தே ஆக வேண்டும். யாரைப் போடுவது என்ற சங்கடத்துக்கு விடுப்பில் இருந்தவர் தோதாக அமைந்தார். இருந்த ஆறு மாதத்தில் அவர் என்ன செய்தார் என்பதை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. போன வருடத்து "ஆக்ரோஷமாகப் பேசுகிறார்" அங்கேயே இருந்தது, நகலெடுத்து ஒட்டினேன். திரும்பி வந்த சில மாதத்தில் ராஜினாமா கொடுத்தார். காரணம்: சொந்த விஷயம். கைக்குழந்தை இருக்கிறது, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து ஒப்புதல் கொடுத்தேன்.

இதெல்லாம் தவறென்று எனக்கு எப்படி உறைத்தது? மகள் பிறந்ததால் புத்தி வந்தது என்று பல ஆண்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எனக்கும் மகள் இருக்கிறாள். இந்தப் படிவங்களை நான் எழுதிய வருடங்களிலெல்லாம் அவள் வீட்டில் வளர்ந்துகொண்டுதான் இருந்தாள். அவளை ரோபோடிக்ஸ் வகுப்பில் சேர்த்துவிட்டு வந்து அலுவலகத்தில் அந்த வரியை எழுதியிருக்கிறேன்.

உறைத்தது வேறொரு வழியில். எனக்குக் கீழே ஒரு புது மேனேஜர். அவர் எழுதிய மதிப்பீடுகளைப் பார்த்த ஹெச்ஆர் பெண் என்னிடம் வந்தார். "போன வருஷத்தையும் சேர்த்துப் பார்த்தேன். ஒரே வாக்கியம் நாலு பேருக்கு வந்திருக்கு. நாலு பேரும் பொண்ணுங்க" என்றார். அந்த மேனேஜரைக் கூப்பிட்டுக் கண்டிக்க வேண்டும் என்று படிவத்தைத் திறந்தேன். ஆக்ரோஷமாகப் பேசுகிறார், பிறரை அனுசரித்துப் போகும் தகவல் தொடர்புத் திறன் மேம்பட வேண்டும். வாக்கியம் என்னுடையது. அவர் பதவிக்கு வந்த புதிதில், எப்படி எழுதுவது என்று கேட்டபோது, மாதிரிக்கு வைத்துக்கொள் என்று என் பழைய படிவங்களை அனுப்பியிருந்தேன். அவர் ஒழுங்காகப் பார்த்து எழுதியிருந்தார்.

ராஜினாமா கொடுத்துப் போன அந்தப் பெண் இப்போது பெங்களூரில் இருக்கிறார். போன் செய்தேன். "எதுக்கு இப்ப?" என்றார். நடந்ததைச் சொன்னேன். சொல்லிக்கொண்டே வந்து, பழக்க தோஷத்தில், "எனக்குப் பழகத் தெரியலம்மா, அதுலதான்..." என்று ஆரம்பித்தேன்.

"அத மட்டும் சொல்லாதீங்க. அந்த கிளையன்ட் மேடம்கிட்ட நீங்க எப்படிப் பேசுவீங்கன்னு பக்கத்துல உக்காந்து கேட்டிருக்கேன். உங்களுக்கு நல்லாவே தெரியும். எங்ககிட்ட அப்படிப் பேசணும்னு உங்களுக்குத் தோணல."

என்னிடம் பதில் இல்லை. கிளையன்ட் பக்கம் எங்களுக்கு மேலே இருந்த டைரக்டர் ஒரு பெண். அவர் வாயைத் திறந்தால் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பேன். முடிக்கும்வரை குறுக்கிட மாட்டேன். அவர் சொன்னதையே திருப்பிச் சொல்லி, நீங்கள் சொன்னது மிகச் சரி என்று அவர் பெயரோடு மெயிலில் எழுதுவேன். அவருடைய ஊரில் பனி கொட்டியதா, மகன் ஆடிய கால்பந்தில் யார் ஜெயித்தார்கள் என்று திங்கட்கிழமை தவறாமல் விசாரிப்பேன். அவர் கண்டிப்பாகப் பேசியபோது, தலைமைப் பண்பு என்றால் இதுதான் என்று டீமிடம் சொல்லியிருக்கிறேன். கம்பெனி வைத்த பேச்சுப் பயிற்சியில் முன்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்திருக்கிறேன். தென் மாவட்டத்துக் கல்லூரியின் கூச்சம் அந்தப் போன் பேச்சுகளில் ஒருநாளும் தலைகாட்டியதில்லை. பணமும் பதவியும் யார் கையில் இருந்ததோ அவர்களோடு பழக எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. எனக்குக் கீழே இருந்தவர்களோடு பழக வேண்டும் என்றபோதுதான் நான் பழகத் தெரியாதவன்.

போனில் அந்தப் பெண் குரலை உயர்த்தவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. கணக்குச் சொன்னார். நம் ஊரில் வேலை மாறும்போது புதிய கம்பெனி பழைய சம்பளத்தின் மேல் இத்தனை சதவீதம் என்றுதான் தருகிறது. அந்த ரேட்டிங்கால் அந்த வருடம் அவருக்கு ஹைக் இல்லை. அந்தச் சம்பளத்தின் மேல்தான் பெங்களூர் கம்பெனி கணக்குப் போட்டது. அதன் மேல்தான் அடுத்தது. "இப்ப என் டீம்ல எனக்கு ஜூனியரா இருக்கற பையன் என்னைவிட அதிகமா வாங்கறான். நீங்க ஸாரி சொல்றதால அது மாறாது, சொல்றேன்." பிறகு கேட்டார்: "சரி, அந்த நாலு பேருக்கு என்ன பண்ணீங்க?"

"இந்த வருஷத்து ரெண்டு பேரோடத மாத்திட்டோம்."

"மத்த ரெண்டு பேர்?"

ஒருவர் ஏற்கெனவே போய்விட்டார். இன்னொருவர் நோட்டீஸில் இருக்கிறார் என்றேன்.

"அவங்ககிட்ட பேசினீங்களா?"

பேசவில்லை. அவர் கேட்கும்வரை அது எனக்குத் தோன்றவும் இல்லை.

அன்று சாயங்காலமே நோட்டீஸில் இருந்தவரைக் கூப்பிட்டு, நடந்ததை மறைக்காமல் சொன்னேன். போன வருட ரேட்டிங்கைத் திறக்கச் சொல்லி ஹெச்ஆருக்கு எழுதினேன். முடித்த வருடத்தைத் திறக்க வழியில்லை என்று பதில் வந்தது. இருக்கச் சொல்லிக் கேட்டேன். அவர் புது இடத்தில் சேரும் தேதி சொல்லியாகிவிட்டது என்றார். அவர் எங்களிடம் செய்த வேலை ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி ஒரு பக்கத்துக்கு எழுதி, கையெழுத்துப் போட்டுக் கடைசி நாளன்று கொடுத்தேன். வாங்கிப் படித்துவிட்டுப் பையில் வைத்துக்கொண்டார். புதிய கம்பெனி அந்தக் காகிதத்தைக் கேட்கவில்லை. கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டைத்தான் கேட்டதாம்.